வெள்ளை மேல் கறுப்பு

ஒரு பழைய சித்திரத்தை நோட்டில் மூன்று தடவை வரைந்தேன். மூன்று தடவையும் கோணிக்கொண்டது. காம்பஸ், ஸ்கேல் எல்லாம் பக்கத்தில் இருந்தும் இந்த லட்சணம். அப்புறம்தான் உறைத்தது. அந்தச் சித்திரத்தைத் தட்டையான இடத்தில் யாரும் வரையவில்லை, குழிந்த கிண்ணத்தின் உள்வயிற்றில் வரைந்திருக்கிறார்கள். சமையற்கட்டிலிருந்து துருவி முடித்த கொட்டாங்கச்சி ஒன்றை எடுத்து வந்து, உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து, சுண்ணாம்பு பூசிக் காயவைத்து, கறுப்பு மையைத் தொட்டு ஆரம்பித்தேன். விளிம்பிலிருந்து கிளம்பிய முதல் கோடு அடியைத் தொடுவதற்குள் என் கை நிழலே கோட்டை மறைத்தது. எதிர்ப்பக்கம் போகத் திருப்பினால், வரைந்தது விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

மேசா வெர்டேயில் இதை எழுநூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஒருவர் செய்திருக்கிறார். ஸ்கேல் கிடையாது, அடித்து அழிக்க ரப்பர் கிடையாது.

*

யூட்டா, கொலராடோ, அரிசோனா, நியூ மெக்ஸிகோ என்ற நான்கு அமெரிக்க மாநிலங்களும் ஒரே புள்ளியில் முட்டிக்கொள்ளும் வறண்ட மேட்டுநிலத்தில் இருக்கிறது மேசா வெர்டே. மக்காச்சோளம், அவரை, பூசணி பயிரிட்டு, கல்லால் வீடுகட்டி, பிற்பாடு மலைப்பாறை இடுக்குகளிலும் குடியேறி அங்கே வாழ்ந்தவர்கள் புவெப்லோ மக்கள். ‘புவெப்லோ’ என்பது ஸ்பானியர் வைத்த பெயர். ஊர் என்று பொருள். பழைய புத்தகங்களில் ‘அனசாஸி’ என்று இருக்கும். அது நவஹோ மொழிச் சொல், பகைவரின் முன்னோர் என்பதுபோல அர்த்தம் வரும். தங்கள் பாட்டன் பாட்டியை இன்னொருவர் மொழியில் பகைவர் என்று அழைப்பதை ஹோப்பி, ஸூனி, ஆக்கொமா ஊர்க்காரர்கள் எப்படி ரசிப்பார்கள்? இந்த நோட்டில் அந்தச் சொல் இத்தோடு சரி.

வாரிசுகள் இன்றும் அதே பகுதியில் இருக்கிறார்கள், பானையும் செய்கிறார்கள். ‘மறைந்துபோன மர்ம மக்கள்’ என்று டிவியில் சொல்வது வெறும் கதை. 1276 முதல் 1299 வரை நீடித்த கடும் வறட்சியும் வேறு தொல்லைகளும் சேர்ந்து மேசா வெர்டேயைக் காலிசெய்ய வைத்தன. தெற்கே போய் வேறு ஊர்களில் குடியேறினார்கள்.

*

சக்கரம் கிடையாது. களிமண்ணைத் திரித்துக் கயிறாக்கி, முறுக்கு சுற்றுகிற மாதிரி சுற்றிச் சுற்றி மேலே ஏற்றி, சுரைக்குடுக்கை ஓட்டால் சுரண்டி வழித்துச் சுவரை எழுப்புவார்கள். அடுப்பில் ஏற்றும் பானைக்கு அந்த வழித்தல்கூட இல்லை. வெளிப்புறத்தில் திரிகளை அப்படியே விட்டு, சோமாசி ஓரத்தை மடிப்பதுபோல நெடுக விரலால் அழுத்திக்கொண்டே போயிருக்கிறார்கள். சாம்பல் நிறம், சொரசொரப்பு. வெள்ளைப் பூச்சும் கறுப்புச் சித்திரமும் பரிமாறும் கிண்ணத்துக்கும் தண்ணீர்க் குடத்துக்கும்தான்.

தூரிகை யக்கா இலை. கற்றாழைபோல் கூரான, நார் நிறைந்த இலை. அதை நீளவாக்கில் மெல்லியதாகக் கிழித்து, நுனியைப் பல்லால் மென்று சதையை நீக்கினால் நார் மட்டும் நிற்கும். வெள்ளையடிக்க மட்டையை நசுக்குவார்களே, அதே யோசனைதான். இங்கே சில நார்கள் மட்டும் மிஞ்சும். ஆக்கொமாவிலும் ஹோப்பி ஊர்களிலும் இன்றும் இந்தத் தூரிகை உண்டு. மயிர்த் தூரிகை வளைவில் ஒழுங்காகத் திரும்பும். யக்கா நார் நேர்க்கோட்டுக்கு அலாதி. இவர்கள் சித்திரத்தில் ஏன் இத்தனை நேர்க்கோடுகள் என்று கேட்பவர் முதலில் தூரிகையைப் பார்க்க வேண்டும்.

*

கறுப்பு இரண்டு வகை. ஒன்று இரும்புச்சத்துள்ள கல்லை அரைத்தது. இன்னொன்று ஒரு செடியைக் கொதிக்கவைத்து, பாகு பதத்துக்கு வற்றவிட்டு, அடையாகக் காயவைத்தது. வேண்டும்போது தண்ணீரில் கரைத்துக்கொள்வார்கள். அந்தச் செடி நம் வயல் வரப்பில் முளைக்கும் நல்வேளைக்கும் நாய்வேளைக்கும் சொந்தக்காரி, ஒரே குடும்பம். இளங்கீரையைச் சமைத்தும் தின்றிருக்கிறார்கள். கீரையாகவும் மையாகவும் ஒரே செடி.

கண்ணால் பார்த்தே எது எது என்று ஓரளவு சொல்லிவிடலாம். கல் மை வெள்ளைப் பூச்சின் மேலே உட்காரும். கோட்டின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். செடி மை பூச்சுக்குள் இறங்கும். மட்டமான தாளில் பேனா மை ஊறுவதுபோல ஓரம் லேசாகக் கசிந்திருக்கும். எனக்குக் கசிந்ததுதான் பிடிக்கிறது. காரணம் கேட்காதீர்கள்.

*

சுடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. மேசா வெர்டே வட்டாரத்தில் கிடைத்த சூளைகள் தரையில் தோண்டிய நீளப் பள்ளங்கள். ஓரங்களில் பலகைக்கல். அவை இருந்தது ஊருக்குள் இல்லை, விறகு கிடைக்கும் சரிவுகளில். பள்ளத்தில் விறகை எரித்துத் தணலாக்கி, மேலே கல் பரப்பி, கலங்களை அடுக்கி, உடைந்த ஓடுகளால் மூடி, மறுபடி எரித்து, ஒரு கட்டத்தில் மண்ணைப் போட்டு அமுக்கிவிட வேண்டும். காற்று அதிகம் புகுந்தால் கல் மை செங்கல் நிறமாகிவிடும். செடி மையோ இருந்த இடம் தெரியாமல் எரிந்துபோகும். புகை அதிகமானால் வெள்ளை அழுக்காகும். எந்த நொடியில் மண்ணைத் தள்ளுவது என்பதுதான் வித்தை. மூடியபிறகு எட்டிப் பார்க்கவும் முடியாது.

அருங்காட்சியகக் கிண்ணங்களில் ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் பழுப்பாகவும் இருப்பதைக் கவனித்தால், அன்றைக்கு எந்தப் பக்கமிருந்து காற்று புகுந்தது என்று ஊகிக்கலாம்.

*

இனி அந்த ஒரு கிண்ணம். நான் கொட்டாங்கச்சியில் தோற்ற கிண்ணம்.

சுவர் தடிமன். விளிம்பு கூர்மையாக இல்லை, சதுரமாகத் தட்டி நிறுத்தியது; அதன் மேல்தட்டில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். உள்ளே இறங்கினால் ஒரு தடித்த கோடு, கீழே நெருக்கமாகச் சில மெல்லிய கோடுகள், பிறகு பட்டை. பட்டைக்குள் படிக்கட்டுப் போல் ஏறும் முக்கோணங்கள் மேலிருந்து ஒரு வரிசை, கீழிருந்து ஒரு வரிசை, சீப்பின் பற்களைக் கோத்ததுபோல. மேல் வரிசை முழுக்கறுப்பு. கீழ் வரிசைக்குள் மெல்லிய சாய்கோடுகள். நடுவில் மிஞ்சிய வெள்ளை, மின்னல் மாதிரி வளைந்து ஓடுகிறது. கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் கறுப்பு பின்னே போய் வெள்ளைதான் சித்திரம் என்று ஆகிவிடும். இன்னும் கொஞ்சநேரத்தில் மறுபடி மாறும். கயென்டா பகுதிக்காரர்கள் இதை எல்லைவரை கொண்டுபோனார்கள்: கறுப்பை அப்பி நிரப்பி, தொடாமல் விட்ட வெள்ளைக் கீற்றாலேயே சித்திரத்தைச் சொன்னார்கள்.

அரைவட்டம் திருப்பினாலும் அதே சித்திரம். இதைச் சோதிக்க போனைத் திருப்பினேன். படமும் கூடவே திரும்பிக்கொண்டது. ஆட்டோ ரொட்டேட்டை அணைத்துவிட்டுத் திருப்பியபின்தான் சரிபார்க்க முடிந்தது. கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறும் ஒத்திசைவு இவர்களிடம் குறைவு. சுழற்றினால் ஒத்துப்போவதுதான் அதிகம். டொரத்தி வாஷ்பர்ன் என்ற ஆய்வாளர் இந்த ஒத்திசைவுகளையே தனியாக ஆராய்ந்தார். எனக்குத் தோன்றும் காரணம் சின்னது: தரையில் வைத்த கிண்ணத்தைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்டால், யாருக்கும் தலைகீழ் கிடையாது.

*

அறிஞர்கள் பெயர்சூட்டும் முறை ரயில் நிலையப் பலகை மாதிரி. முதலில் இடம், பிறகு நிறம்: மேசா வெர்டே வெள்ளைமேல் கறுப்பு, காலப் வெள்ளைமேல் கறுப்பு. கவித்துவம் சிறிதும் இல்லை, ஆனால் காரியத்துக்கு ஆகிறது. 1929இல் ஏ. இ. டக்ளஸ் மரவளையங்களை எண்ணித் தொடர்ச்சியான ஆண்டுக் கணக்கைக் கட்டி முடித்தார். வீட்டு உத்தரத்தை வெட்டிய ஆண்டு தெரிந்தது. அந்த வீட்டில் கிடந்த ஓடுகளுக்கும் காலம் கிடைத்தது. அதன்பிறகு உத்தரமே இல்லாத மேட்டில் கிடக்கும் நாலு ஓட்டை வைத்தே எந்த நூற்றாண்டு என்று சொல்ல முடிகிறது. கோட்டின் தடிமன் மாறினால் தலைமுறை மாறிவிட்டது என்று கணக்கு.

*

சாக்கோ பள்ளத்தாக்கு. புவெப்லோ பொனிட்டோ என்ற பிரம்மாண்டக் கட்டடம், அறுநூறுக்கு மேல் அறைகள். இங்கே கிடைத்த பானைகளில் ஏராளமானவை இங்கே செய்தவை அல்ல. இதைக் கண்டுபிடித்தவர் ஆன்னா ஷெப்பர்ட். ஓட்டை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்து, களிமண்ணோடு கலந்த பொடியைப் பார்த்தார். அது மேற்கே சுஸ்கா மலைப்பக்கத்துக் கல். சாக்கோவிலிருந்து எழுபது எண்பது கிலோமீட்டர். மாடு கிடையாது, குதிரை கிடையாது, சக்கர வண்டி கிடையாது. பானையை முதுகில் சுமந்து வந்திருக்கிறார்கள். ஆண் ஆய்வாளர்கள் பலர் அப்போது இதை நம்பவில்லை. ஷெப்பர்ட் சொன்னதே சரி என்று பிற்பாடு ஆனது.

சாக்கோ சித்திரங்களில் முழுக்கறுப்பை விடச் சாய்கோடு நிரப்பல் முக்கியம். பட்டையின் ஓரக்கோடு தடிப்பு, உள்ளே மெல்லிய கோடுகள் நெருக்கமாக. ஏன் இப்படி மெனக்கெட வேண்டும்? ஸ்டீபன் ப்ளாக் என்பவர் 2003இல் ஒரு பதில் சொன்னார்: அந்தச் சாய்கோடுகள் நீலப்பச்சை நிறத்துக்குப் பதிலி. சூளையில் நிற்கும் நீலம் அவர்களிடம் இல்லை, அதனால் கோட்டால் குறித்தார்கள் என்பது வாதம். வேறு பொருட்களில் நீலப்பச்சை வண்ணம் வரும் இடத்தில் பானையில் சாய்கோடு வருகிறது. டர்க்காய்ஸ் கல்லின் மீது அவ்வளவு பித்து இருந்த ஊர் அது. கூடை முழுவதும் அந்தக் கல்லைப் பதித்து வைத்திருந்தார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் கதாநாயகி என்ன நிறப் புடவை கட்டியிருந்தாள் என்று பாட்டிமார் சண்டை போடுவார்களே, அந்த மாதிரி. நான் இந்த வாதத்தை ஏற்கிறேன். அதன்பின் அந்தக் கிண்ணங்கள் எனக்குக் கறுப்பு வெள்ளையாகத் தெரிவதில்லை.

*

புவெப்லோ பொனிட்டோவிலேயே 28ஆம் அறை. 1896இல் ஜார்ஜ் பெப்பர் தோண்டியபோது உயரமான உருளை ஜாடிகள் நூற்றுக்கு மேல் ஒரே அறையில் அடுக்கிக் கிடந்தன. எதற்கு என்று நூறு வருஷம் யாருக்கும் பிடிபடவில்லை. பட்ரீஷியா கிரவுன் என்ற ஆய்வாளர் ஓட்டுத் துண்டுகளைச் சோதனைக்கு அனுப்பினார். 2009இல் முடிவு வந்தது. தியோப்ரோமின். அதாவது கொக்கோ. பக்கத்தில் எங்கும் விளையாத பொருள், மெக்ஸிகோவின் வெப்பக் காட்டிலிருந்து வரவேண்டும். நுரைக்க நுரைக்க ஆற்றிக் குடித்திருப்பார்கள். சில ஜாடிகளில் பழைய சித்திரத்தை மறைத்துப் புதிதாகப் பூசி வரைந்து மறுபடி சுட்டிருக்கிறார்கள். பண்டிகைக்குப் பண்டிகை வெள்ளையடித்த மாதிரி.

*

கிரவுன் செய்த இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. குழந்தைகள் வரைந்த பானைகள். கோடு நடுங்கும், பட்டையின் கடைசியில் இடம் போதாமல் முக்கோணம் நசுங்கும். சிலவற்றில் பானை பெரியவர் கை, சித்திரம் சிறுவர் கை. கழுத்தும் விளிம்பும் துல்லியமாக இருக்க, வயிற்றில் கோடுகள் தள்ளாடும். யாரோ ஒரு அம்மாவோ பாட்டியோ நல்ல பானையைக் கையில் கொடுத்து ‘வரை’ என்று சொல்லியிருக்கிறார். அதையும் தூக்கிப் போடாமல் சுட்டிருக்கிறார்கள்.

அம்மா, பாட்டி என்று நானே எழுதிவிட்டேன். திரிகளை வழிக்காமல் விரலால் அழுத்திய அந்தச் சாம்பல் பானைகளில் பதிந்த விரல்ரேகைகளை ஜான் கான்ட்னர் குழு 2019இல் அளந்தது. ரேகை அகலம் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு. சாக்கோ காலத்து ஊர் ஒன்றில் ஏறக்குறையப் பாதி ஓடுகள் ஆண் கை. பெண்கள் மட்டுமே பானை செய்தார்கள் என்று பாடப்புத்தகம் எழுதியவர்கள் ரேகையைப் பார்க்காமல் எழுதியவர்கள். நானும் சேர்த்தி.

*

மிம்ப்ரெஸ் பள்ளத்தாக்கு, தென்மேற்கு நியூ மெக்ஸிகோ. ஏறக்குறைய 1000 முதல் 1130 வரை. பண்பாட்டு வரைபடத்தில் இதற்கு மொகொயோன் என்று தனிப்பெயர் உண்டு. ஆனால் புவெப்லோ மக்கள் இவர்களையும் தங்கள் முன்னோர் என்றே சொல்கிறார்கள். அதனால் இந்த நோட்டில் இடம் உண்டு.

மற்ற இடங்களில் பெரும்பாலும் வடிவங்கள். இங்கே உயிர்கள். கொக்கு, மீன், வௌவால், வெட்டுக்கிளி, ஆமை, பிரசவிக்கும் பெண், வேட்டையிலிருந்து திரும்பும் ஆள். விளிம்பை ஒட்டி மயிரிழைக் கோடுகள், அவற்றுக்குக் கீழே வெட்டவெளியான வெள்ளையில் ஒரே ஒரு பிராணி. பிராணியின் வயிற்றுக்குள் மறுபடி சதுரங்கக் கட்டம், சாய்கோடு. முயல் ஒன்று பிறைபோல் வளைந்திருக்கிறது. காலடியில் இருபத்துமூன்று கதிர்கள் கொண்ட ஒரு வட்டம். நிலாவில் முயலைப் பார்த்து வளர்ந்த நமக்கு முயல் என்றால் நிலா என்று யாரும் விளக்க வேண்டாம். அந்த வட்டம் 1054இல் வெடித்த விண்மீன் என்கிறார்கள். சீனர் குறிப்புப்படி அது பகலிலும் 23 நாள் தெரிந்தது. கேட்க இனிக்கிறது. ஆனால் கிண்ணத்துக்கு அவ்வளவு துல்லியமாக ஆண்டு சொல்ல முடியாது. எண் பொருந்துவது மட்டும் எனக்குப் போதவில்லை.

இந்தக் கிண்ணங்களில் பலவற்றை இறந்தவர் தலைமேல் கவிழ்த்து, வீட்டுத் தரைக்கடியில் புதைத்தார்கள். அடியில் ஒரு ஓட்டை போட்டு. சாவுக்காகவே செய்தவை என்று முதலில் நினைத்தார்கள். உள்ளே பார்த்தால் அகப்பை உரசிய தேய்மானம். பல வருஷம் சாப்பிட்ட கிண்ணம்தான் கடைசியில் கூடப் போயிருக்கிறது.

அந்த ஓட்டைதான் வியாபாரிகளுக்கு இடைஞ்சல். அடைத்து, மேலே வண்ணம் தீட்டி விற்றார்கள். கிண்ணத்துக்காகப் புல்டோசர் வைத்து ஊர்மேடுகளைக் கிளறினார்கள். எலும்பு ஒரு பக்கம் சிதறியது. 1989இல்தான் நியூ மெக்ஸிகோ மாநிலம் தனியார் நிலத்திலும் அனுமதியின்றிப் புதைகுழி தோண்டுவதைக் குற்றமாக்கியது. 1990இல் புதைகுழிப் பொருட்கள் பற்றிய கூட்டாட்சிச் சட்டம் வந்தது. 2024இல் திருத்திய விதிப்படி, வாரிசு மக்களின் ஒப்புதல் இல்லாமல் இத்தகைய பொருட்களைக் காட்சிக்கு வைக்கக் கூடாது. சில அருங்காட்சியகங்களில் பேழைகளைத் துணியால் மூடிவிட்டார்கள். சரிதான். இதற்கெல்லாம் முன்பே, 1930களில் சான்டா ஃபே ரயில் கம்பெனி ‘சூப்பர் சீஃப்’ வண்டியின் சாப்பாட்டுத் தட்டுகளில் இந்தப் பிராணிகளை அச்சிட்டது. வடிவமைத்தவர் மேரி கோல்ட்டர். தலைமேல் கவிழ்த்த கிண்ணத்துப் படத்தின்மேல் மாட்டிறைச்சி வறுவல்.

மிம்ப்ரெஸ் கிண்ணம் எதையும் நோட்டில் வரையவில்லை. வேண்டாம் என்று பட்டது.

*

‘இதற்கு என்ன அர்த்தம்?’

கடையில் விற்கும் கையேட்டில் பட்டியல் இருக்கிறது. படிக்கட்டு என்றால் மேகம், வளைகோடு என்றால் மின்னல், சுருள் என்றால் பயணம். 1924இல் ரூத் பன்செல் என்ற ஆய்வாளர் ஸூனி ஊருக்குப் போய், கேள்வித்தாளை நீட்டாமல், தானே பானை செய்யக் கற்றுக்கொண்டார். 1929இல் புத்தகமாக எழுதினார். எல்லா ஊரிலும் வடிவங்களுக்கு நிலையான பொருள் இல்லை என்று கண்டார். ஓர் ஊரில் மழை, மேகம் என்று பேசினார்கள். வேறு ஊரில் அது வெறும் வடிவம், அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். கனவில் வந்தது என்று சொன்னவர்களும் உண்டு. வரைவதற்கு முன் விரலால் பானையைச் சாண் கணக்கில் அளந்து, முழுச் சித்திரத்தையும் மனதில் வைத்துக்கொண்டு, கோடு போட ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. ஒன்றைப்போல் இன்னொன்று செய்யமாட்டோம் என்று அடித்துச் சொன்னார்களாம். வெளியாள் கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரி.

ஆனால் ஒன்று. விளிம்பை ஒட்டிச் சுற்றிவரும் கோட்டை முழுவதும் மூடாமல் ஓரிடத்தில் சின்ன இடைவெளி விடுவது ஸூனியில் வழக்கம். அதற்கு மட்டும் தயங்காமல் காரணம் சொன்னார்கள்: அது பாதை. கோட்டை மூடினால் வரைந்தவள் ஆயுள் முடியும். ஹோப்பிப் பக்கத்து மஞ்சள் பானைகளில் பதினான்காம் நூற்றாண்டிலேயே இந்த இடைவெளி இருக்கிறது. என் கொட்டாங்கச்சியில் கோட்டின் இரு முனைகளும் எப்படியும் சேரவில்லை.

*

மஞ்சள் பானை என்றதும் நம்பேயோ என்ற பானைக் கலைஞர். ஹோப்பி நிலத்தின் ஹானோ கிராமம், பிறப்பு சுமார் 1859. சில கிலோமீட்டர் தள்ளி சிக்யாட்கி என்ற அழிந்த ஊர். அங்கே நிலக்கரி போட்டுச் சுட்ட பானைகள் தேன் நிறத்தில் இருக்கும்; மேலே பறவைச் சிறகும் சுருளும் விளிம்பைச் சட்டை பண்ணாமல் விரியும். கோட்டுக்குக் கோடு ஒழுங்கெல்லாம் போய், பாதி வெற்றிடத்தை அப்படியே விடும் துணிச்சல். 1895இல் வால்ட்டர் ஃபியூக்ஸ் அங்கே தோண்டினார். நம்பேயோவின் கணவர் லெசோ அங்கே கூலிவேலை பார்த்தார். அவர் காட்டிய ஓடுகளைப் பார்த்து நம்பேயோ பழைய பாணியை மீட்டார் என்பது பிரபலமான கதை. ரொம்ப வசதியான கதை. அதற்கு முன்பே அவர் பழைய ஓடுகளைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார் என்பதுதான் இப்போது ஆய்வாளர்கள் சொல்வது. அகழ்வாய்வாளர் வந்து பழங்குடிப் பெண்ணுக்கு அவள் பாட்டியை அறிமுகப்படுத்தி வைத்தார் என்று கேட்பதில் சிலருக்கு ஒரு திருப்தி.

முதுமையில் பார்வை போயிற்று. தொட்டுத் தொட்டே பானையை எழுப்பினார், வரைந்தது வீட்டார். 1942இல் இறந்தார். மகள்கள், பேத்திகள், கொள்ளுப்பேத்திகள் தொடர்ந்தார்கள்.

*

சான் இல்டெஃபான்சோ என்ற புவெப்லோ ஊரில் மரியா மார்ட்டினெஸ் பானை செய்ய, கணவர் ஹூலியன் வரைந்தார். ஹூலியனின் புகழ்பெற்ற இறகு வளையம் மிம்ப்ரெஸ் கிண்ணத்திலிருந்து எடுத்தது. கடன் வாங்கல் இங்கே அவமானமில்லை.

*

ஆக்கொமா, உயர்ந்த பாறைமேட்டின் உச்சியில் உள்ள ஊர். இங்கே லூசி லூயிஸ் என்பவர் பழைய ஓடுகளைப் பார்த்து, பானை முழுவதும் மயிரிழைக் கோடுகளால் நிரப்பினார், 1992இல் காலமானார். ஆக்கொமா பானையின் சுவர் மெல்லியது, தட்டினால் மணிபோல் ஒலிக்கும். அந்தக் களிமண் வெடிக்காமலிருக்க அதோடு ஒரு பொடி கலக்க வேண்டும். மணல் இல்லை, கல் இல்லை. பழைய பானை ஓடுகளைப் பொறுக்கி வந்து, அம்மிக்கல்லில் மாவாக அரைத்துச் சேர்க்கிறார்கள். அந்த ஓடுகளுக்குள்ளும் அதற்கு முந்தைய ஓடுகளின் பொடி இருக்கிறது.